கிளாண்டைக் தங்க வேட்டை: பழைய வரைபடங்களை இன்றைய நிலத்தின்மேல் பொருத்திப் பார்த்த அனுபவம்

கனடாவின் யூக்கான் பகுதியில் 1896 ஆகஸ்டில் தொடங்கிய தங்க வேட்டையின் வரைபடங்களும் ஒளிப்படங்களும் இன்று பல நூலகங்களின் இணையத் தொகுப்புகளில் கிடைக்கின்றன. அவற்றை இறக்கிக்கொண்டு, கியூஜிஐஎஸ் என்னும் இலவச மென்பொருளின் துணையுடன், இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் ஒவ்வொன்றாகப் பொருத்தி வருகிறேன். ஒளிப்படக்காரர் எங்கே நின்று படம் எடுத்தார், வரைபடத்தில் எண்ணிட்டுக் காட்டிய நிலத்துண்டு இன்று எந்த இடத்தில் இருக்கிறது என்பவற்றைக் கண்டறிவதே நோக்கம்.

முதலில் எடுத்துக்கொண்டது போனான்சா ஓடையின் சுரங்க உரிமைப் படம். கெயிஷ் என்ற ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி, ஜார்ஜ் கார்மாக் ஆகியோர் தங்கம் கண்ட இடத்தைத் தொடக்கமாகக் கொண்டு, ஓடையின் மேல்திசையிலும் கீழ்த்திசையிலும் உரிமைத்துண்டுகள் ஒன்று, இரண்டு என்று எண்ணப்பட்டன. ஒரு துண்டின் நீளம் ஓடையின் போக்கில் 500 அடி. அவசரத்தில் கயிற்றாலும் காலடியாலும் அளந்து முளையடித்தவர்களிடையே எல்லைச் சண்டைகள் மூண்டதால், அரசு நில அளவையாளர் வில்லியம் ஓகில்வி 1897இன் தொடக்கத்தில் ஓடை முழுவதையும் சங்கிலியால் மறுபடி அளந்தார். 500 அடிக்கு மேல் பிடித்திருந்தவர்களின் மிச்சம் தனித்தனிச் சிறு துண்டுகளாக வெளிப்பட்டது. அப்படி வெளிப்பட்ட சுமார் 86 அடித் துண்டு ஒன்றை, ஓகில்வியிடம் சங்கிலி பிடித்த டிக் லோ தம் பெயரில் பதிந்துகொண்டார்; அதிலிருந்து ஐந்து லட்சம் டாலர் அளவுக்குத் தங்கம் கிடைத்ததாகச் சொல்வார்கள். படத்தில் மெல்லிய கீற்றாகத் தெரியும் அந்தத் துண்டை இன்றைய நிலத்தில் காட்டிவிட வேண்டும் என்ற ஆசையில்தான் இந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

பழைய படத்தைப் பொருத்துவதற்கு அன்றும் இன்றும் ஒரே இடத்தில் இருக்கும் புள்ளிகள் வேண்டும். வழக்கமாக ஆறுகள் சேரும் இடங்களையே இதற்குக் கொள்வார்கள். போனான்சாவில் அது உதவாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மிதவைத் தூர்வாரி இயந்திரங்கள் பள்ளத்தாக்கின் அடிவரை தோண்டிச் சரளையைப் புரட்டிப் போட்டதால், ஓடையின் வளைவுகளும் எல்டொராடோ என்ற கிளையோடை அதனுடன் கூடிய முனையும் பழைய நிலையில் இல்லை. அந்தக் கூடுமிடத்தில் வளர்ந்த கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரே தூர்வாரலில் மறைந்துவிட்டது. செயற்கைக்கோள் படத்தில் அங்கே வரிவரியான சரளை மேடுகளே தெரிகின்றன. ஆகவே நீரை விட்டுவிட்டு மேட்டைப் பிடித்துக்கொண்டேன். இயந்திரம் எட்டாத உயரத்தில் உள்ள கிளைப்பள்ளங்களின் மேல்பகுதிகளையும் மலைமுகட்டு வளைவுகளையும் புள்ளிகளாகக் கொண்டபோது, பள்ளத்தாக்கின் பக்கவாட்டுக் கோடுகள் நன்றாகப் பொருந்தின. டிக் லோவின் கீற்றை மட்டும் ஒரு கோடாகக் காட்டாமல், அது இருந்திருக்கக்கூடிய பரப்பாகவே காட்டியிருக்கிறேன், ஏனெனில் பழைய படத்தின் கோட்டுத் தடிமனே அந்த அகலத்தில் பெரும்பங்கை விழுங்கிவிடுகிறது.

ஒளிப்படங்களுக்கும் மலைமுகடுதான் சாட்சி. நில உயரத் தரவிலிருந்து ஓரிடத்தில் நின்றால் தெரியும் தொடுவான விளிம்பை வரைந்து, அதைப் படத்தின் விளிம்போடு ஒப்பிட்டு, நின்ற இடத்தை மெல்ல நகர்த்திக்கொண்டே போனால் இரண்டும் ஒன்றிப்போகும் புள்ளி அகப்படுகிறது. தங்க வேட்டையில் எழுந்த டாசன் நகருக்கு வடக்கே மூஸ்ஹைடு என்ற பழைய மலைச்சரிவின் வெளிறிய தழும்பு இருப்பதால், அந்நகரின் படங்கள் எளிதில் பிடிபடுகின்றன. ஓர் அச்சுப்படியில் யூக்கான் ஆறு நகருக்கு வலப்புறம் ஓடியது. நகர் ஆற்றின் கிழக்குக் கரையில் இருக்கிறது. தெற்கிலிருந்து வடக்கே பார்த்தால் ஆறு இடப்புறம்தான் வர வேண்டும். கண்ணாடித் தகட்டைப் பின்புறமாகத் திருப்பி அச்சிட்டிருக்கிறார்கள் என்று புரிந்தது. படத்தைத் திருப்பியதும் தழும்பு உரிய இடத்துக்கு வந்துவிட்டது.

ஸ்வீடனில் பிறந்த ஒளிப்படக்காரர் எரிக் ஹெக், அலாஸ்கா கடற்கரையிலிருந்து யூக்கானுக்குச் செல்லும் வழியில் உள்ள சில்கூட் கணவாயின் கடைசி ஏற்றத்தை எடுத்த படங்களில் நான் மிகுந்த நேரம் செலவிட்டேன். பனியில் வெட்டிய சுமார் 1,500 படிகளில் மனிதர்கள் எறும்பு வரிசையாக ஏறுவதைப் பார்ப்பவர்கள், அத்தனை பேர் ஒரே நாளில் கணவாயைக் கடந்தார்கள் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். உண்மையில், ஓராண்டு உணவோடு ஏறத்தாழ ஒரு டன் பொருள் இல்லாமல் எல்லையில் கனடியக் காவலர்கள் உள்ளே விடாததால், ஒவ்வொருவரும் முதுகில் சுமந்த மூட்டையை உச்சியில் வைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஏறினார்கள். படிகளுக்குப் பக்கத்தில் தெரியும் வழுக்குத் தடம் அவர்கள் கீழே சறுக்கி இறங்கிய வழி. அந்தத் தடத்தைச் சரிவின்மேல் வரைந்து பார்த்த பிறகு, படத்திலுள்ள தலைகளை எண்ணுவதைவிட ஒரே மனிதரின் பல நடைகளை நினைப்பதே பொருத்தம் என்று எனக்குப் பட்டது.

நகரப் படங்களில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. கிளாண்டைக் ஆறு யூக்கானில் சேரும் முனையில் ட்ரொன்டெக் ஹ்வெச்சின் பூர்வகுடி மக்களின் மீன்பிடி இடமான ட்ரோச்செக் இருந்தது. வந்தேறிகள் அங்கே குவிந்தபின், தலைவர் ஐசக் தம் மக்களை யூக்கான் ஆற்றின் கீழ்த்திசையில் உள்ள மூஸ்ஹைடு என்ற குடியிருப்புக்கு அழைத்துச் சென்றார். நான் பார்த்த மனைப்படங்களில் அந்த முனை வெறும் தெருக்களாகவும் மனை எண்களாகவும் இருக்கிறது. செயற்கைக்கோள் படத்தின்மேல் நான் வரையும் அடுக்கில் பழைய பெயரையே முதலில் எழுதி, மனைக்கோடுகளை அதற்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இப்போது கையில் இருப்பது 1869இல் சில்காட் டிலிங்கிட் பூர்வகுடித் தலைவர் கொக்லக்ஸ், சூரிய கிரகணத்தைக் காண வந்த அமெரிக்க அறிவியலாளர் ஜார்ஜ் டேவிட்சனுக்காகத் தம் இரு மனைவியரோடு சேர்ந்து வரைந்து கொடுத்த வரைபடம். கடற்கரையிலிருந்து யூக்கானின் உள்நாடுவரை, வழிப்போக்கர் கண்ணில் படும் வரிசையில் ஏரிகளும் ஆறுகளும் சிகரங்களும் அதில் வருகின்றன. அதை இழுத்து நீட்டி அட்சரேகைக்குள் அடைப்பது அந்த அறிவைச் சிதைப்பதாகும் என்று கருதுவதால், படத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிலுள்ள ஒவ்வோர் ஏரியையும் இன்றைய ஏரியோடு ஒரு கோட்டால் மட்டும் இணைத்து வருகிறேன். கடற்கரையை ஒட்டிய பகுதி முடிந்துவிட்டது. கணவாய்களுக்கு அப்பால் உள்ள ஏரிகள் இனிமேல்தான்.