வெள்ளைத் தொப்பியும் உன்னிச்சை விராலும்

"தொப்பியைக் கழட்டு மச்சான்." ட்ரவுட் மீன் பிடிக்கப் போன இடத்தில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் இதுதான். இங்கிலாந்தில் இருக்கும் மாமி மகன் ஒரு சின்னக் குளத்துக்குக் கூட்டிப் போயிருந்தான். என் தலையில் பளிச்சென்று வெள்ளைத் தொப்பி.

அந்தக் குளத்தில் கொஞ்ச மீன்தான் விடுவார்களாம். நிறைய விட்ட குளமென்றால் இரைக்குப் போட்டி. ஏதாவது ஒன்று அவசரப்பட்டுக் கவ்விவிடும். இங்கே தப்பிப் பிழைத்து மாதக்கணக்கான மீன், ஆறுதலாக வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மச்சான் முக்கால் மணி நேரம் தூண்டிலை வீசவே இல்லை. முழங்காலில் நின்று பார்த்தான். ஒரு மீன் கரையோரமாக ஒரே தடத்தில் போய் வந்துகொண்டிருந்தது. அது அந்தப் பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, வரும் வழியில் 'பிளை' என்கிற போலிப் பூச்சியைப் போட்டான். நுளம்புக் கூட்டுப்புழு மாதிரிக் கட்டிய சின்னப் பூச்சி, 15 அடி மெல்லிய நரம்பின் நுனியில். மீன் கிட்ட வந்ததும் விரலால் ஒரு இழுப்பு, நாலு அங்குலம்தான்.

முழங்கால் எதற்கு? மீனுக்கு வெளியுலகம் தலைக்கு மேலே சுமார் 97 பாகைக் கூம்புக்குள்தான் தெரியும். தாழ இருப்பது அதன் விளிம்பில் நசுங்கி மங்கிவிடும். நிமிர்ந்தால் போச்சு. பளிச்சென்ற வெள்ளைத் தொப்பியென்றால் சொல்லவே வேண்டாம்.

திரும்பும்போது பழைய தூண்டில் ஒன்றைத் தந்தான். சரி, மட்டக்களப்பில் ட்ரவுட்டுக்கு எங்கே போவது? 1880களில் வெள்ளைக்காரர் கொண்டுவந்தது மலைநாட்டுக் குளிர் நீருக்கு. நம் குளத்துச் சூடு அதற்கு ஒத்துவராது. ஆகவே விரால்.

விடியற்காலை உன்னிச்சைக் குளம். விரால் மூச்செடுக்க மேலே வந்தாக வேண்டும். தாமரை இலைகளுக்கிடையே 'பொளக்' என்று சத்தம் வரும். சத்தம் வந்த இடத்துக்கே வீசினேன். மறுபடியும் வீசினேன். மாட்டோடு வந்த கிழவர் நின்று பார்த்தார்.

"நிழலத் தண்ணிக்குள்ள போட்டுட்டு மீன் வரும் எண்டு பாக்கிறியா மனே?"

வெயில் என் முதுகுப் பக்கம். கடல் கடந்து படித்ததை மாடு மேய்க்கிறவர் ஒரு வரியில் சொல்லிவிட்டார். முதலை கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு, வெயில் முகத்தில் படும்படி இடம் மாறிக் குந்தினேன். சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தோடு ஒரு விரால் போனது. குஞ்சு காக்கிற விரால் கோபத்தில் எதையும் கவ்வும். அதைப் பிடிக்கிறவனை நான் தூண்டில்காரன் என்று சொல்ல மாட்டேன். விட்டேன்.

அடுத்த 'பொளக்'குக்கு மூன்று முழம் முன்னால் இறகால் கட்டிய போலித் தவளையை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். தண்ணீர் வீங்கியது. கவ்வியது. அவசரப்பட்டு இழுத்தேன், அது தாமரைத் தண்டுகளுக்குள் பாய்ந்தது, நரம்பு அறுந்தது.

வேறு தவளை கட்ட வேண்டும். முதல் தவளைக்கு இறகு தந்த எங்கள் வீட்டுச் சேவல், இப்போது என்னைக் கண்டாலே வேலி தாண்டி ஓடுகிறது.