தொடையில் அரை மில்லி

குளவிக்கூடு கலைந்தால், தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஒருவர் மட்டும் வருவதில்லை. லொறியில் ஏழெட்டுப் பேராக வருவார்கள். முகமும் கழுத்தும் தடித்து, வலியில் அலறிக்கொண்டு வருவார்கள். தாதியாக என் முதல் வருடத்தில், ஹட்டனுக்கு அப்பால் ஒரு சிறிய ஆஸ்பத்திரி வாசலில் அப்படி ஒரு லொறி வந்து நின்றது. நான் அலறியவர்களிடம்தான் ஓடினேன். மூலையில் சத்தமில்லாமல் சாய்ந்து உட்கார்ந்திருந்த ஒரு அக்காவைக் கடைசியாகத்தான் கவனித்தேன்.

அவர் உடம்பில் தடிப்பே இல்லை. "வயிறு பிசையுது மிஸ்ஸி, கண்ணு இருட்டுது" என்றார். கையைப் பிடித்தேன், சில்லென்று இருந்தது. விடியற்காலையிலிருந்தே மழை, நனைந்த கை சில்லென்றுதான் இருக்கும் என்று நினைத்துவிட்டேன். பிரஷர் பார்த்தால் மேல் அளவு 70. கீழ் அளவு காதில் விழவே இல்லை.

அப்போது பணியில் இருந்த மூத்தவர் ஹைட்ரோகோர்ட்டிசோனும் பிரிட்டோனும் ஏற்றச் சொன்னார். ஏற்றினேன். குளவிக் கொட்டு என்றால் முதலில் அதுதான் என்று பலருடைய கைக்கும் பழகியிருந்தது. பிரிட்டோன் அரிப்பைக் குறைக்கும். ஹைட்ரோகோர்ட்டிசோன் வேலை செய்ய மணிக்கணக்காகும். விழுந்துகொண்டிருக்கும் பிரஷரை இரண்டுமே தூக்காது. குவார்ட்டர்ஸிலிருந்து ஓடி வந்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "அட்ரினலின் குடுத்தாச்சா?" யாரும் பதில் சொல்லவில்லை.

அட்ரினலின் என்றால் எங்களுக்குப் பயம். இதயம் படபடத்து நின்றுவிடும் என்று கேள்விப்பட்டிருந்தோம். அந்தப் பயத்துக்கும் ஒரு காரணம் உண்டு: அம்பியூலில், அதாவது சின்னக் கண்ணாடிக் குப்பியில், இருக்கும் மருந்தை அப்படியே நரம்பில் ஏற்றினால் இதயத் துடிப்பு உண்மையிலேயே தாறுமாறாகும். ஆனால் தசையில் போடுவது வேறு. ஒரு மில்லி அம்பியூலில் 1 மில்லிகிராம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அதில் பாதி, அதாவது அரை மில்லி, தொடையின் வெளிப்பக்கம் நடுவில் போட வேண்டும்.

இடுப்பில் சுற்றிக் கட்டியிருந்த படங்கின், அந்த முரட்டு விரிப்பின், கயிறு நனைந்து இறுகிப் போயிருந்ததால் கத்தரிக்கோலால் வெட்டினோம். டாக்டர் ஊசியைப் போட்டார். அக்கா மூச்சு முட்டுகிறதோ என்னவோ, எழும்ப எழும்பப் பார்த்தார். "எழும்ப விடாதீங்க, காலைத் தூக்கிப் பிடிங்க" என்றார் டாக்டர். கொட்டிய விஷத்துக்கு எதிராக உடம்பு அளவுக்கு மீறிக் கிளம்பியதில், அதாவது கடும் ஒவ்வாமையில், இரத்தக் குழாய்கள் தளர்ந்து, உள்ளே இருக்கும் நீர் வெளியே கசிந்துவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பி வரும் இரத்தம் குறைந்துபோகிறது. அந்த நேரத்தில் திடீரென்று நிமிர்த்தி உட்கார வைத்தால், வருகிற கொஞ்சமும் காலில் தங்கிவிடும். அதனால் உயிரே போகலாம். அட்ரினலின் குழாய்களை இறுக்கி, இதயத்தை ஊக்கி, மூச்சுக் குழாயை விரிக்கிறது. ஆனால் கசிந்துபோன நீரை அது நிரப்பாது. அதற்கு சேலைன் வேகமாக ஓட வேண்டும்.

ஐந்து நிமிடத்தில் 80. அது போதாது. மற்றத் தொடையில் இன்னொரு அரை மில்லி. அப்புறம் 95, அப்புறம் 110. உதட்டில் நிறம் வந்ததும் அக்கா கண்ணைத் திறந்து கேட்டது இதுதான்: "இன்னைக்கு அரைப்பேருதான் போடுவாங்களா மிஸ்ஸி?" அரைப்பேரு என்றால் அரைநாள் சம்பளம். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சாயந்தரமே வீட்டுக்குப் போகிறேன் என்று அடம்பிடித்தார். அடங்கின மாதிரி இருந்து சில மணி நேரம் கழித்துத் திரும்பவும் வரக்கூடும் என்று சொல்லி, இரவு வார்டில் வைத்துக்கொண்டோம்.

பின்னாளில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நோர்அட்ரினலினோடும் வேலை செய்தேன். எலிக்காய்ச்சல் முற்றிப் பிரஷர் விழுந்தவர்களுக்கு அதைப் பம்பில் சொட்டுச் சொட்டாக ஓட்டுவோம். அது உடம்பில் சில நிமிடம்தான் நிற்கும். சிரிஞ்சு மாற்றுவதில் கொஞ்சம் தாமதித்தாலும் திரையில் எண் கீழே ஓடும். அங்கே பம்ப் இருந்தது, மானிட்டர் இருந்தது, பக்கத்திலேயே டாக்டர் இருந்தார். மலை ஆஸ்பத்திரியில் இருந்ததோ ஒரு அட்ரினலின் அம்பியூல். 1901ஆம் ஆண்டு ஜோகிச்சி தகமினே பிரித்தெடுத்து அறிவித்த, நூறு வருடத்துக்கு மேல் பழைய மருந்து. அது அலமாரியில் இருக்கும்போதே ஒருவரைச் சாகவிடப் பார்த்தோமே என்பது எனக்கு இன்னும் ஆறவில்லை.

திரும்ப மலைக்கு வந்ததும் டாக்டரிடம் பேசி ஒரு தட்டு தயார் பண்ணினேன். அதில் அட்ரினலின், ஒரு மில்லி சிரிஞ்சு, ஊசி, அளவு எழுதி ஒட்டிய அட்டை. குழந்தைகளுக்குக் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதினேன். வெளிச்சம் பட்டால் மருந்து கெடும் என்பதால் அம்பியூல்களைப் பெட்டியிலேயே வைக்கிறோம். நிறம் மாறியிருந்தால் எடுத்துவிடுகிறோம். கூடின பிரஷருக்கு அட்டெனலோல் மாத்திரை போடுகிறவர்களில் இந்த மருந்து சரியாகப் பிடிக்காமல் போகலாம் என்பதால், கூட வந்தவர்களிடம் அதையும் கேட்கிறோம்.

பக்கத்துத் தோட்டங்களுக்குப் போய்க் கங்காணிமாரிடமும் பேசினேன். கொட்டு வாங்கியவர் மயங்கினால் ஆட்டோவில் நடுவில் உட்கார வைத்து அணைத்துக்கொண்டு வராதீர்கள், படுக்க வையுங்கள் என்று சொன்னேன். அவர்கள் அன்பால்தான் அப்படிப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அது எனக்கும் தெரியும்.

போன மாசி மாதம் ஒரு கங்காணி போன் பண்ணினார். "மிஸ்ஸி, ஒரு ஆளுக்குத் தலை சுத்துதாம். லொறியில படங்கை விரிச்சுப் படுக்க வச்சுத்தான் கொண்டு வாறோம்." லொறி வளைவு திரும்புவதற்குள் டாக்டர் வந்துவிட்டார். தட்டு வாசலிலேயே இருந்தது.