சவாரித்தம்பரும் மிஸிஸ் டாமோடிரனும்

போன கிழமை கொழும்பு வெள்ளவத்தையில் பெரியப்பா வீட்டு அலுமாரியை ஒதுக்கப் போன இடத்தில் சிரித்திரன் என்ற நகைச்சுவை மாத இதழின் பழைய பிரதிகள் மூன்று அகப்பட்டன. தைத்த கம்பி துருப்பிடித்து, நடுத்தாளில் இரண்டு பழுப்புப் பொட்டு, தொட்டால் ஓரம் உதிர்கிறது. ஒதுக்குகிற வேலையை அப்படியே விட்டுவிட்டு நிலத்தில் குந்திக்கொண்டு வாசித்தேன்.

சிரித்திரன் சுந்தர், அதாவது சி. சிவஞானசுந்தரம், கரவெட்டிக்காரர். பம்பாய்க்குக் கட்டடக்கலை படிக்கப் போனவர் அங்கேயே கார்ட்டூனும் போட்டிருக்கிறார். 1963இல் கொழும்பில் இதழைத் தொடங்கினார், பிறகு அது யாழ்ப்பாணத்துக்குப் போனது. சவாரித்தம்பர், சின்னக்குட்டி, மைனர் மச்சான், மெயில்வாகனத்தார் என்று அவர் கீறிய ஆட்கள் எல்லாரும் எங்கள் ஒழுங்கையில் எதிரே வருகிறவர்கள்தான். மிஸிஸ் டாமோடிரனை எடுத்துக்கொள்ளுங்கள். தாமோதரன் என்ற பெயரை இங்கிலீஷ் நாக்கால் சொன்னால் எப்படி வருமோ அப்படியே வைத்திருக்கிறார், கோடு போட முதலே ஆள் முன்னால் வந்து நின்றுவிடுகிறார்!

விகடனில் மாலியும் கோபுலுவும் வரைந்ததைப் பார்த்துத்தான் நம் வீடுகளில் பலருக்குக் கார்ட்டூன் பழக்கம். சொல்லே இல்லாமல் சிரிக்கவைக்கிற கோபுலுவின் படங்கள் எனக்கு உயிர். ஆனால் அந்தத் திண்ணையும் அக்ரகாரமும் தஞ்சாவூர்ப் பக்கத்தவை, நம்முடைய வேலியையும் படலையையும் கீறியவர் சுந்தர்தான்.

சிங்களவர்களுக்குக் கார்ட்டூனிஸ்ட் விஜேசோம கீறிய புஞ்சி சிங்ஞோ இருந்தார், அதற்கு முன் கொலெட் கீறிய சிட்டிசன் பெரேரா. இன்றைக்கு அவந்த ஆர்ட்டிகல டெய்லி மிரரில் போடுகிற படம் காலையிலேயே எல்லார் போனுக்கும் வந்துவிடுகிறது, கூர்மையான கை, நான் தவறவிடுவதில்லை. இந்த நாட்டில் அந்த வேலையின் விலையும் தெரியும்: கார்ட்டூனிஸ்ட் பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24 அன்று காணாமல்போனவர், இன்னும் வீடு திரும்பவில்லை.

ஆனாலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. இப்போது தமிழில் வருகிற கார்ட்டூன்களில் தலைவர்களின் மூக்கும் வயிறும்தான் நிறைய, நம்மைப்போன்ற ஆட்களைக் காணவில்லை. தலைவர் மாறினால் படமும் பழசாகிவிடும். தம்பர் அப்படியில்லை, மாதாமாதம் வந்து வந்து சொந்தக்காரர்போல ஆகிவிட்டார். இன்றைய வெள்ளவத்தைப் பிளட்டுகளில், 100ஆம் இலக்க பஸ்ஸில், கனடாவிலிருந்து வந்து நிற்கிற மாமாவிடம் எத்தனை தம்பர்கள்! யாராவது கீற வேண்டும்.

நூலகம் இணையத்தளத்தில் சிரித்திரன் இதழ்கள் நிறைய இருக்கின்றன, இலவசம்தான். என்னிடம் உள்ள மூன்றும் அங்கே உண்டா என்று பார்க்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கேன் பண்ணிக் கொடுக்கலாம். ஒன்றைப் பெரியப்பா பிடுங்கிக்கொண்டுபோய் அதில் வருகிற மகுடி கேள்வி-பதில் பகுதியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறார், அது கைக்கு வர இன்னும் இரண்டு நாளாகும்.