கொட்டில் வரைக்கும் வைஃபை

ஃபோனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, முன் ஹோலில் இருந்து வளவின் கடைசி வரைக்கும் நடந்து பார்த்தேன். ரவுட்டருக்குப் பக்கத்தில் -40 டிபிஎம் (சிக்னலின் பலத்தைச் சொல்லும் அளவு, பூச்சியத்துக்குக் கிட்ட இருந்தால் பலம் கூட). குசினிக்குள் -66. குசினிச் சுவரைத் தாண்டி வெளியே கால் வைத்ததும் -76. அதற்குப் பிறகு மாமரத்தடிக் கொட்டில் வரைக்கும் 20 மீற்றர் போயும் -83தான். அதாவது அவ்வளவு வெட்டையும் தின்றது 7. ஒரே ஒரு கல்லுச் சுவர் தின்றது 10. இந்தக் கணக்கில் 10 குறைந்தால் வருகிற சக்தி பத்தில் ஒன்றாகிவிடும். வீடியோ அழைப்பு தடங்காமல் ஓட -67 அளவாவது வேண்டும். கொட்டிலில் மனைவி சாதாரண தரப் பிள்ளைகளுக்குக் கணிதம் எடுக்கிறார், பாதிப்பேர் சூமில் வருகிறவர்கள். அவர் ஃபோன் டேட்டாவிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தார்.

ஆட்கள் சொல்லும் முதல் வைத்தியம் ரவுட்டரின் பவரைக் கூட்டுவது. அதில் பிரயோசனம் குறைவு. ரவுட்டர் சத்தம் போட்டால் ஃபோனுக்குக் கேட்கும், ஆனால் ஃபோன் பதில் சொல்கிற சத்தம் பழையபடி சின்னதுதானே. கோடுகள் நிறைந்து நிற்கும், பக்கம் திறக்காது. வைஃபையை வாங்கித் திருப்பி வீசும் ரிப்பீட்டரும் அப்படித்தான். கொட்டிலில் வைத்தால் அதற்கே -83தான் கேட்கும். குசினி யன்னலில் வைத்தால் ஒரே சேனலில் கேட்டுக் கேட்டுத் திருப்பி அனுப்புவதால் வேகம் பாதியாகும். சுவர்தான் தடை என்றால் சுவருக்கு அங்கால் வயரில் போவதுதான் வழி. ஆகவே வெளியில் பூட்டுகிற அக்சஸ் பாயின்ட் ஒன்றை, அதாவது ரவுட்டரில் இருந்து வயரில் வருவதை வைஃபையாக வீசும் பெட்டியை, வாங்கினேன்.

வயர் விஷயத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கேட்6 (நெட்வொர்க் வயரில் ஒரு தரம்) என்று அச்சடித்து மலிவாகக் கிடைப்பவற்றில் பல, அலுமினியக் கம்பிக்கு மேல் செம்பு பூசியவை. கடையிலேயே ஒரு துண்டை உரித்து, கம்பியை பிளேட்டால் சுரண்டிப் பார்த்தேன். சுரண்டிய இடம் வெள்ளையாகப் பளிச்சிட்டது. வயரிலேயே கரண்டும் போகிற பிஓஈ முறைக்கு அது சரிவராது, வழியிலேயே வோல்டேஜ் விழும். உள்ளேயும் செம்பாக இருந்த, வெயில் தாங்கும் கறுப்பு உறை போட்டதை எடுத்தேன். இந்த நெட்வொர்க் வயரில் ஈதர்நெட் 100 மீற்றர் வரை போகும், எனக்கு அதில் கால்வாசியும் தேவைப்படவில்லை. பெட்டியோடு வந்த, வயருக்குள் கரண்டை ஏற்றும் இன்ஜெக்டர் 24 வோல்ட் பாசிவ் வகை. எதிர்முனையில் என்ன இருக்கிறது என்று பாராமல் கரண்டை அனுப்பிவிடும், அதன் பிஓஈ ஓட்டையில் லப்டப்பைக் கொண்டுபோய்ச் செருகக்கூடாது.

எங்கே பூட்டுவது என்பதில் மாமாவுக்கு ஒரு யோசனை இருந்தது.

"தம்பி, தென்னையில கட்டினா ஒழுங்கை முழுக்கக் கிடைக்குமே?"

"மாமா, நமக்குக் கொட்டிலுக்குத்தானே வேணும்."

சுற்றிவர வீசும் அன்டெனா தோசைக்கல் போலத் தட்டையாகப் பரப்பும். நேர் கீழே இருப்பவருக்குக் குறைவாகத்தான் கிடைக்கும். தென்னை காற்றுக்கு ஆடும், இடியையும் வாங்கும். குசினியின் பின்சுவரில், தாழ்வாரத்துக்குக் கீழே, 3 மீற்றர் உயரத்தில், தகரத்தில் முட்டாமல் ஒரு சாண் தள்ளிப் பூட்டினேன்.

எங்கள் கடற்கரை ஊரான கல்லடியில் இரும்பை வெளியில் வைத்தால் என்ன ஆகும் என்று யன்னல் கிறிலே சொல்லும். வாடைக்காற்று உப்போடுதான் அடிக்கும். அதனால் வயரின் நுனியில் உள்ள ஆர்ஜே45 முனைக்கு மின்தொடுப்புக்குப் போடும் சிலிக்கன் கிறீஸ் கொஞ்சம் தடவி, வாய் கீழே பார்க்க வைத்தேன். சுவருக்குள் நுழையுமுன் வயரை ஒரு வளைவு தொங்கவிட்டேன், மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். சுவர் ஓட்டையையும் வெளிப்பக்கம் சரிவாகத்தான் துளைத்தது.

செட்டிங்கில் பெரிய வேலை இல்லை. அக்சஸ் பாயின்ட் மோடில் போட்டால் ஒவ்வொரு ஃபோனுக்கும் ஐபி முகவரி கொடுக்கிற வேலையை ரவுட்டர் ஒன்றே பார்க்கும். பெயரும் பாஸ்வேர்டும் இரண்டுக்கும் ஒன்றுதான். 2.4 கிகாஹேர்ட்ஸில் ஒன்றோடொன்று முட்டாத சேனல்கள் 1, 6, 11. அயல் வீடுகள் 6இல் குவிந்திருந்தன, ரவுட்டருக்கு 1, வெளியில் 11 கொடுத்தேன். ஃபோன்கள் பழைய சிக்னலை இலேசில் விடமாட்டா. ரவுட்டரின் பவரைக் கொஞ்சம் குறைத்த பிறகுதான் கிணற்றடியில் வைத்தே மாறத் தொடங்கின. கூட்டச் சொன்னவர்களுக்கு இது பிடிக்காது.

இப்போது கொட்டிலில் -57. நல்ல மழை பெய்து மா இலைகள் நனைந்தால் -62 வரை இறங்குகிறது, வகுப்புக்கு அது போதும். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம் கூட என்றாலும் இலைகளுக்குள் புகுந்து வருவதில் பிந்திவிடுகிறது, அதை நிறுத்தி வைத்திருக்கிறேன். மிச்சம் இருப்பது இடிக்கான பாதுகாப்பு. வயரிங் செய்கிற பாஸிடம் எர்த் கம்பி அடித்து திடீரென்று எகிறும் மின்சாரத்தை எர்த்துக்குத் திருப்பும் ஒரு சேர்ஜ் புரொடெக்டர் பூட்டித் தரச் சொல்லியிருக்கிறேன். அவர் வரும்வரைக்கும் வானம் முழங்கினால் இன்ஜெக்டரைக் கழற்றி, ரவுட்டரில் இருந்து வயரையும் இழுத்துவிடுகிறோம்.