சைக்கோ இசை: வீறிடல் வந்துவிட்டது, மியூட்தான் படுத்துகிறது

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்துக்குப் பெர்னார்ட் ஹெர்மன் போட்ட இசையைக் கணினியில் வாசிக்கவைக்கும் வேலையில் குளியலறைக் கொலைக் கட்டம், அதாவது வயலின்கள் வீறிடும் இடம், முடிந்தது. அதுதான் கஷ்டமான இடம் என்று எல்லோரும் பயமுறுத்தினார்கள். அப்படியெல்லாம் இல்லை. ஈ ஃபிளாட், ஈ, எஃப், ஜி ஃபிளாட் என்ற நான்கு சுரங்களையும் வெவ்வேறு ஆக்டேவில் (ஸ்தாயியில்) பரப்பி, ஒவ்வொன்றாக நுழையவிட்டு, ஒவ்வொரு அடியிலும் கீழிருந்து மேலே ஒரு வழுக்கலை, சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்டில் வரைந்தால் போதும். சமையலறையிலிருந்து ஆள் ஓடி வருகிறது.

உயிரை எடுப்பது டைட்டில் இசை. படம் முழுக்கத் தந்தி வாத்தியங்கள் மட்டும்தான். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளைச் சத்தம் என்பது ஹெர்மன் போட்ட கணக்கு. அதிலும் குளியலறையைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் மியூட் (வயலின் நாதத்தை மங்கவைக்கும் சின்னக் கருவி) மாட்டித்தான் வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அங்கே மட்டும் கழற்றச் சொல்கிறார். 1960இல் வந்த அந்த வீறிடல் இன்றைக்கும் குத்துகிறதென்றால், அதுவரை நம் காது மூடிய சத்தத்துக்குப் பழகிப்போனதுதான் பாதிக் காரணம் என்பேன். டைட்டில் சரியாக அமையாவிட்டால் நான் செய்த வீறிடலுக்கும் மதிப்பில்லை. (அந்தக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் சொன்னாராம். படத்துக்கு ஆஸ்கரில் நான்கு பரிந்துரை, இசைக்கு ஒன்றுகூடக் கிடையாது. அந்த வயிற்றெரிச்சல் தனி.)

என்னிடம் உள்ள இலவச சாம்பிள் தொகுப்பில் (நிஜ வாத்தியங்களைச் சுரம் சுரமாகப் பதிந்து வைத்தது) மியூட் போட்ட வயலின் இல்லை. ஈக்யூவில் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) மேல் அலைவரிசையை வெட்டினால் ஆகிவிடும் என்று சொல்பவர்கள் தயவுசெய்து ஒருமுறை செய்து பார்க்கட்டும். மியூட், தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜின் மேல் உட்கார்ந்து அதன் அதிர்வை அடக்குகிறது. நாதம் மங்கும், ஆனால் வில் தந்தியில் உராயும் அந்தச் சுரண்டல் அப்படியே நிற்கும். ஈக்யூ இரண்டையும் சேர்த்தே தின்றுவிடுகிறது. பாட்டு பக்கத்து அறையில் ஓடுவது மாதிரி ஆகிவிடுகிறது. ஹெர்மனுடைய மியூட் காதுக்குப் பக்கத்தில், வேகமாக, பல்லைக் கடித்துக்கொண்டு வாசிப்பது.

இப்போது பிடித்திருக்கும் வழி: சாம்பிளைப் பாதி வெட்டி அடியில் போட்டு, மேலே ஒரே ஒரு நிஜ வயலின். எதிர்வீட்டுப் பெண் கர்நாடக வயலின் கற்கிறாள். ரப்பர் மியூட் வாங்கிக் கொடுத்தேன், விலை ஒன்றும் பெரிதில்லை. ச-ப-ச-ப சுருதியிலிருந்து ஜி-டி-ஏ-ஈக்கு மாற்றியதில் முதலில் திணறினாள். அதைவிடப் பெரிய சண்டை கமகத்தோடு. “அங்கிள், இப்படி மொட்டையா வாசிச்சா எங்க டீச்சர் அடிப்பாங்க” என்கிறாள். மொட்டையாகத்தான் வேண்டும் என்று கெஞ்சி வாங்கினேன். மைக்கை வில்லுக்கு நெருக்கமாக வைத்துப் பதிந்ததும் அந்தச் சுரண்டல் உள்ளே வந்துவிட்டது. முதல் பத்து செகண்டுக்கு, அதாவது மைனர் கோர்டோடு மேஜர் ஏழாவது சேரும் அந்தப் பிரபலமான குத்து ஓயும் வரைக்கும், அசல் மாதிரியே இருக்கிறது. அதன்பின் ஓடும் வேகப் பகுதியில் ஒரே பதிவு திரும்பத் திரும்ப விழுந்து சாம்பிள்கள் மறுபடி மெஷின் கன் ஆகின்றன. வெலாசிட்டியை (ஒவ்வொரு சுரத்தின் அழுத்தத்தை) கலைத்துப் பார்த்தாயிற்று, ஒரே சுரத்துக்கு வெவ்வேறு பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கும் ரவுண்ட் ராபினும் போதவில்லை. அவளுக்கு அரையாண்டுப் பரீட்சை வேறு.

வேகத்தைப் படத்திலிருந்துதான் எடுத்தேன். 1975இல் லண்டனில் நேஷனல் ஃபில்ஹார்மோனிக்கை வைத்து ஹெர்மனே மறுபடி பதிந்த இசைத்தட்டு நிதானமாகப் போகிறது. ஒலித்தரம் அருமைதான், ஆனால் மழையில் கார் ஓட்டும் படத்தின் நாயகி மேரியனின் பதற்றம் அதில் எனக்குக் கிடைக்கவில்லை. இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று தெரியும்.

செல்லோ, பாஸ் இரண்டிலும் இன்னும் கையே வைக்கவில்லை. அதற்குள் 1951இல் அவர் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்துக்கு இரண்டு தெரமின் (தொடாமலே கையசைத்து வாசிக்கும் மின்னணு வாத்தியம்) வைத்துச் செய்த இசையில் மனசு போய்விட்டது. தெரமின் கிட் ஒன்றை விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். சாலிடரிங் அயர்ன் ஏற்கெனவே இருக்கிறது.