தக்காளிக்கு வேப்பங்கொட்டைச் சாறு: பலிக்காமல் போவது எதனால்?

தக்காளிச் செடியில் வேப்பங்கொட்டைச் சாறு தெளித்த மறுநாள் போய்ப் பார்த்தால் புழு உயிரோடுதான் இருக்கும். "இது வேலைக்கு ஆகாது" என்று பலரும் அங்கேயே கைவிட்டுவிடுகிறார்கள். வேம்பு தொட்டதும் கொல்லும் விஷம் அல்ல. அதிலுள்ள அசாடிராக்டின் புழுவின் பசியை மந்தமாக்கும், தோலுரிப்பதையும் தடுக்கும். தோலுரிக்க முடியாத புழு வளராமல் சுருங்கிச் சாக ஒரு வாரம் வரைகூட ஆகலாம். அதனால் செத்த புழுவை எண்ணிப் பயனில்லை. இலையில் புதிதாகக் கடிபட்ட இடம் குறைகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் சறுக்கல் மூலப்பொருளில். வேப்பிலையை அரைத்துத் தெளிப்பது எளிதுதான், ஆனால் அசாடிராக்டின் அதிகம் இருப்பது கொட்டைக்குள் இருக்கும் பருப்பில். இலையில் மிகக் குறைவு. பழுத்து உதிர்ந்த பழங்களைச் சதை நீக்கி, கழுவி, நிழலில் காயவைத்து, காற்றோட்டமான சாக்கில் வைக்க வேண்டும். வெயிலில் காய்ந்தாலும், பிளாஸ்டிக் பையில் புழுங்கினாலும் வீரியம் போய்விடும். ஓட்டை உடைத்துப் பாருங்கள்: பருப்பு பச்சை சாயலோடு இருந்தால் நல்லது. கறுத்து, பூஞ்சை பிடித்திருந்தால் தூக்கி எறியுங்கள். போன வருடக் கொட்டையை நம்பவே வேண்டாம்.

10 லிட்டர் தெளிப்பானுக்கு 500 கிராம் பருப்பு, அதாவது 5 சதவீதக் கரைசல். ஓட்டோடு நிறுத்தால் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடுக்க வேண்டும். எண்ணெய் கசியும் அளவுக்கு மைய அரைக்காமல், கொரகொரப்பாக இடித்து, துணியில் தளர்வாகக் கட்டி, 2 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறப் போடுங்கள். கொதிக்க வைக்கக் கூடாது, சூட்டில் சத்து சிதைந்துவிடும். மறுநாள் மூட்டையைப் பிழிந்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு மறுபடி இரண்டு மூன்று முறை பிழிந்தால் பால் போன்ற சாறு இறங்கும். மெல்லிய துணியில் இருமுறை வடிகட்டி 10 லிட்டராக்குங்கள். வடிகட்டுவதில் சோம்பினால் நாசில் அடைத்துக்கொள்ளும்.

மெழுகுப் பூச்சுள்ள இலையில் சாறு ஒட்டுவதற்குத்தான் சோப்பு. 10 லிட்டருக்கு 20 கிராம் சாதாரண பார் சோப்பு போதும். வெந்நீரில் கரைத்து, ஆறவைத்து, தெளிக்கப் போகும் நேரத்தில் சேர்க்க வேண்டும். சோப்பு காரத்தன்மை உள்ளது, காரத்தில் அசாடிராக்டின் சிதையும், அதனால் முன்கூட்டியே கலந்து வைக்கக் கூடாது. சாம்பல் தண்ணீர், சுண்ணாம்பு, போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சைக்கொல்லி) எதையும் இதோடு சேர்க்காததும் இதே காரணத்தால்தான். உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து மிதந்தால் மழைநீரோ மென்மையான தண்ணீரோ பயன்படுத்துங்கள். கலந்த கரைசலை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்.

மாலை 4 மணிக்கு மேல்தான் தெளிக்க வேண்டும். வெயிலில் வேம்பு சீக்கிரம் சிதையும். பூவுக்கு வரும் தேனீக்களும் அந்நேரம் குறைந்திருக்கும். இலையின் அடிப்பக்கம் நனைவது முக்கியம், ஏனென்றால் வெள்ளை ஈயின் குஞ்சுகளும் அசுவினியும் செஞ்சிலந்தியும் அங்கேதான் குடியிருக்கின்றன. நாசிலைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடியுங்கள். 7 முதல் 10 நாளுக்கு ஒருமுறை திரும்பத் தெளிக்க வேண்டும், மழை பெய்தால் உடனே மறுபடியும்.

காய்ப்புழுவுக்கு நாள் கணக்கு இன்னும் கறாரானது. பூங்கொத்தை ஒட்டிய இளம் இலைகளைப் புரட்டினால், குண்டூசித் தலையை விடச் சின்னதாக, வெளிர் மஞ்சளில் ஒற்றை ஒற்றையாக முட்டைகள் தெரியும். அவை பொரிய 3 முதல் 5 நாள். பொரிந்த புழு காய்க்குள் நுழைவதற்குள் தெளித்தால்தான் பலன், காய்க்குள் போனதை எந்தச் சாறும் எட்டாது. இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துப்பூச்சி விழத் தொடங்குவதையே தெளிப்பதற்கான அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம். ஊசிப்புழு பெரும்பாலும் இலைக்குள் இருப்பது. இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கொப்புளம் போன்ற திட்டுக்குள் கறுப்பு எச்சமும் புழுவும் தெரியும். அந்த இலைகளைக் கிள்ளி அழித்துவிட்டுத் தெளியுங்கள். இலைச்சுருள் வைரஸ் வந்த செடிக்கு எந்தத் தெளிப்பும் மருந்தில்லை. பிடுங்கித்தான் ஆக வேண்டும்.

கொட்டை கிடைக்காதபோது வேப்பெண்ணெய். பொதுவாகச் சொல்லப்படும் 3 சதவீதம் தக்காளியின் இளம் செடிக்குக் கடுமையானது என்பது என் கருத்து. லிட்டருக்கு 10 மில்லி போதும். எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதந்து, கடைசியாகத் தெளிபடும் செடிகளைக் கருக்கிவிடும். முதலில் சோப்புக் கரைசலோடு அடித்துப் பால் போலாக்கி, பிறகு தண்ணீர் சேருங்கள், தெளிக்கும்போதும் அடிக்கடி குலுக்குங்கள். கந்தகம் தெளித்த செடிக்கு இரண்டு வாரம் எண்ணெய் ஆகாது. நாலைந்து செடியில் முதலில் தெளித்து, இரண்டு நாளில் இலை ஓரம் தீய்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போவது நல்லது.

பூண்டு 100 கிராம், பச்சை மிளகாய் 50 கிராம், இஞ்சி 50 கிராம் அரைத்து வடிகட்டி 10 லிட்டராக்கும் கரைசல் பூச்சியை விரட்டும், அவ்வளவுதான். வாசனை அடங்கியதும் பூச்சி திரும்பும். அரைக்கும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

புகையிலைச் சாறு மட்டும் தக்காளிக்கு வேண்டவே வேண்டாம். நிகோட்டின் மனிதருக்கே கடும் நஞ்சு. அதோடு காய்ந்த புகையிலையிலும் உயிர்ப்போடு தங்கும் தேமல் வைரஸ், அதே குடும்பத்தைச் சேர்ந்த தக்காளிக்கு எளிதில் தொற்றும். சீத்தா விதைப் பொடி கண்ணில் பட்டால் கருவிழியே புண்ணாகும், அதைப் பழகாதவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது.

காய் பறிக்கும் பருவத்தில் முதலில் பழுத்ததைப் பறித்துவிட்டு, அன்று மாலை தெளியுங்கள். அடுத்த பறிப்புக்குள் கசப்பும் வாடையும் பெரும்பாலும் போயிருக்கும். இருந்தாலும் கழுவிவிட்டே சமையலுக்கு எடுங்கள்.