முள் பார்த்து ஊட்டியது: ஒரு நாட்குறிப்பு

ஜூன் 10, 2024, திங்கள்

அக்கா பையனின் கழுத்துக் கட்டியை இன்று முழுசாக எடுத்துவிட்டார்கள். நெல்லிக்காய் அளவு என்று சொல்லிக்கொண்டிருந்தோம். டப்பாவில் பார்த்தால் சின்ன எலுமிச்சை அளவு இருந்தது.

இதற்கு முன் மூன்று மாதம் டிபி மாத்திரை. காசிமேட்டில் ஒரு பிள்ளைக்குக் கழுத்தில் கட்டி என்றால் எந்த டாக்டருக்கும் முதலில் டிபிதான் தோன்றும். அதில் தப்பில்லை. ஒரே அறையில் ஆறு பேர் படுக்கிற தெரு இது. ஆனால் ஊசி போட்டு எடுத்ததில் டிபி கிருமி இல்லை என்று வந்த பிறகும், "மாத்திரையைப் போடுங்க, கரைஞ்சா டிபிதான்" என்றாரே ஒரு டாக்டர், அங்கேதான் எனக்குக் கோபம். படகு எஞ்சினில் தட்டுகிற சத்தம் கேட்டால், ஹெட்டைக் கழற்றாமல் ஆயிலை மாற்றிப் பாருங்கள் என்று நான் சொல்ல முடியுமா? போதாததற்கு முதல் மாதம் கட்டி கொஞ்சம் சுருங்கியது. நாங்களும் நம்பிவிட்டோம். லிம்போமா என்கிற நிணநீர்ப் புற்றுக் கட்டியும் சிலசமயம் அப்படிச் சுருங்கி, மறுபடி வளருமாம்.

ஜூன் 14, வெள்ளி

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஹாட்ஜ்கின் லிம்போமா.

குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் நன்றாகக் குணமாகிற வகை என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். எனக்கு அது காதில் விழுந்தது. அக்காவுக்கு விழுந்தது வேறு: கீழே இருந்த ஒரு வரி. எப்ஸ்டீன்-பார் வைரஸ், பாசிட்டிவ்.

"வைரஸ்னா ஒட்டிக்கிறதுதானே? யாருகிட்டேயிருந்து வந்துச்சு?"

எச்சில் வழியாகப் பரவும் என்று டாக்டரம்மா சொன்னார். அவ்வளவுதான். ராத்திரிக்குள் பையனுக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நான்கு வயது தங்கை அவன் தட்டில் கை வைத்ததற்கு முதுகில் ஒன்று விழுந்தது.

ஜூன் 16, ஞாயிறு

பதினொரு மணிக்கு அக்கா போன். அழவில்லை, குரல் மட்டும் கட்டியிருந்தது. "டேய், அவன் கைக்குழந்தையா இருந்தப்போ மீனை என் வாயில போட்டு முள் இருக்கான்னு பார்த்துதான்டா ஊட்டினேன். அதனாலயா?"

எங்கள் அம்மா எங்களுக்கும் அப்படித்தான் ஊட்டினாள். இந்தக் கரையில் எந்த அம்மா ஊட்டவில்லை? ஆனால் அந்த நேரத்தில் என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் "தூங்குக்கா" என்று வைத்துவிட்டேன். அப்புறம் எனக்குத் தூக்கம் போய்விட்டது. உட்கார்ந்து படித்தேன்.

இந்த வைரஸைக் கண்டுபிடித்த கதை உகாண்டாவில் தொடங்குகிறது. 1957-இல் டெனிஸ் பர்க்கிட் என்ற அறுவை மருத்துவர் தாடை வீங்கிய பிள்ளைகளைக் கவனிக்கத் தொடங்குகிறார். எந்தெந்த ஊரில் இந்தக் கட்டி வருகிறது என்று 1961-இல் ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் இரண்டு நண்பர்களோடு ஏறத்தாழ 16,000 கிலோமீட்டர் சுற்றுகிறார். அவர் போட்ட வரைபடம் மலேரியா வரைபடத்தோடு கிட்டத்தட்ட ஒத்துப்போனது. அதே வருடம் லண்டனில் அவர் பேசியதை அந்தோனி எப்ஸ்டீன் கேட்கிறார். ஏதோ கிருமி இருக்கிறது என்று தேட ஆரம்பித்தவருக்கு இரண்டு வருடத்துக்கும் மேல் ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் கட்டித் துண்டு வந்த விமானம் பனிமூட்டத்தால் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. துண்டு கையில் கிடைத்தபோது அது கிடந்த நீர் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிருக்கும் என்று கொட்டாமல் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், கட்டியின் செல்கள் உயிரோடு மிதந்தன. அதிலிருந்து வளர்த்த செல்களில்தான் 1964-இல் வைரஸ் தெரிந்தது. எப்ஸ்டீன் இந்த பிப்ரவரியில்தான், 102 வயதில், காலமானார்.

மலேரியா என்ற வார்த்தையைப் பார்த்ததும் எனக்கே வயிற்றைக் கலக்கியது. பையனுக்கு ஆறு வயதில் மலேரியா வந்தது. மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அப்போது மூடி கிடையாது. அக்காவிடம் இதைச் சொல்லவில்லை.

ஜூன் 19, புதன்

டாக்டரம்மாவிடம் நானே கேட்டேன். வெளியே கூட்டம் இருந்தும் பொறுமையாகச் சொன்னார்.

சென்னையில் வருவது பெரும்பாலும் வைவாக்ஸ் மலேரியா. ஆப்பிரிக்கக் கதையில் இருப்பது ஃபால்சிபாரம் என்ற வேறு வகை, அதுவும் கைக்குழந்தையிலிருந்து திரும்பத் திரும்பத் தாக்குவது. அப்படித் தாக்கும்போது பி செல் என்ற வெள்ளணுக்கள் ஓயாமல் பெருகுகின்றன. அந்த வைரஸ் குடியிருப்பதும் அதே செல்லில். உடம்பு அதன் மேல் வைத்திருக்கும் கண்காணிப்பும் தளர்ந்துபோகிறது. பெருகும் அவசரத்தில் 8-ஆம் குரோமோசோமின் ஒரு துண்டு 14-ஆம் குரோமோசோமில் போய் ஒட்டிக்கொண்டால், மிக் என்ற மரபணு நிற்காமல் ஓடும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் கெட்டுப்போன டீசல் எஞ்சின் என்று நான் புரிந்துகொண்டேன். ஆனால் இதெல்லாம் அந்தத் தாடைக் கட்டி, பர்க்கிட் லிம்போமா. "உங்க பையனுக்கு அது இல்லை. அந்த மலேரியாவை இதோட முடிச்சுப் போடாதீங்க" என்றார்.

சரி, அப்படியானால் அந்த பாசிட்டிவ்?

உலகத்தில் பெரியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இந்த வைரஸ் உடம்பில் உண்டு. ஒருமுறை நுழைந்தால் கடைசி வரை போகாது, பெரும்பாலும் சும்மா கிடக்கும். நெருக்கமாக வாழ்கிற இடங்களில் பள்ளிக்கூடம் போவதற்குள் அநேகப் பிள்ளைகளுக்கு வந்துவிடும், சாதாரண ஜுரம் போல, சிலருக்கு அதுகூட இல்லாமல். நம் நாட்டுப் பிள்ளைகளுக்கு வரும் ஹாட்ஜ்கினில் பெரும்பாலானவற்றின் புற்றுச் செல்லுக்குள் வைரஸ் தெரிகிறது. அதற்குப் பங்கு இருக்கிறது என்பதை டாக்டரம்மா மறுக்கவில்லை. ஆனால் ஏலக்கூடத்தில் கத்துகிற அத்தனை பேருக்கும் இருக்கிற ஒன்று, ஒரு பிள்ளைக்கு மட்டும் கட்டியாக மாற வேறு ஏதேதோ சேர வேண்டும். மீன் முள் அந்தக் கணக்கிலேயே வராது.

சாயங்காலம் அக்காவிடம் இதைச் சொன்னேன். "உனக்கும் இருக்கு, எனக்கும் இருக்கும், அம்மா ஊட்டினதுதான்" என்றேன். "அம்மா ஊட்டி உனக்குக் கட்டி வரலையே" என்றாள். வாயடைத்துப்போனேன்.

ஜூலை 1, திங்கள்

முதல் கீமோ. வாந்தி இரண்டு முறை. பையன் சொட்டுகளை எண்ணிக்கொண்டே இருந்தான்: "மாமா, நானூறு வரைக்கும் எண்ணிட்டேன்."

ஜூலை 7, ஞாயிறு

தனி டம்ளர் தொடர்கிறது. இப்போது டாக்டரம்மாவே அதைத்தான் சொல்லியிருக்கிறார், காரணம்தான் தலைகீழ். அவனிடமிருந்து யாருக்கும் ஒட்டாமல் இருக்க அல்ல, வெள்ளணு குறைந்திருக்கும் அவனுக்கு நம்மிடமிருந்து சளி, ஜுரம் ஒட்டாமல் இருக்க. அக்கா இதை இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

மத்தியானம் சங்கரா குழம்பு, நன்றாகக் கொதிக்க வைத்தது. பையனுக்கு விரலால் நசுக்கி நசுக்கி முள் எடுத்து வைத்தாள். சின்னவள் பக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா ஒரு துண்டைப் பழக்கத்தில் தன் வாயில் போட்டுவிட்டு, நிறுத்தி, என்னைப் பார்த்தாள். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். முள் ஒன்றைத் தட்டோரம் எடுத்து வைத்துவிட்டு மீதியைச் சின்னவளுக்கு ஊட்டினாள்.